ஆறு என்பதும் பிழையன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றில் நடந்த வினாடி வினாவில், உலகில் கண்டங்கள் எத்தனை என்ற கேள்விக்கு 'ஆறு' என்று விடை சொன்ன சிறுமிக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது. அவள் ஸ்பெயினில் தொடக்கக் கல்வி பயின்று, பெற்றோருடன் ஊர் திரும்பியவள். அந்நாட்டிலும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலும் வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் ஒரே கண்டமாகக் கற்பிப்பதே வழக்கம். புவியியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், அவையில் இருந்தும் எழுந்து பேசாமல் விட்டது இன்னும் உறுத்துவதால் இதனை எழுதுகிறேன்.

நம் பாடநூல்கள் ஏழு என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் அது அளந்து கண்ட எண்ணன்று, வழக்கத்தால் நிலைத்த எண். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே நெடுந்தொலைவுக்குக் கடலே இல்லை. பண்டைய கிரேக்கர் பலர் டான் ஆற்றை எல்லையாகக் கொண்டனர். 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அறிஞர் தாத்திஷ்சேவ் முதலானோர் அதனை யூரல் மலைக்கு நகர்த்தினர். ஒன்றாகக் கிடக்கும் நிலத்துக்கு ஐரோப்பா, ஆசியா, லிபியா (அன்று ஆப்பிரிக்காவின் பெயர்) என மூன்று பெயர்கள், அதுவும் பெண்களின் பெயர்கள், ஏன் வந்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வியந்து 2,400 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ரஷ்யப் பள்ளிகளில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. நிலத்தின் அமைப்பைக் குறிக்கும் 'மத்தெரீக்' என்ற கணக்கில் யூரேசியா ஒன்று, அமெரிக்கா இரண்டு. வரலாற்று வழக்கைக் குறிக்கும் 'உலகின் பகுதி' என்ற கணக்கிலோ ஆசியாவும் ஐரோப்பாவும் தனித்தனி, அமெரிக்கா ஒன்று. எப்படி எண்ணினாலும் ஆறுதான் வரும், ஆனால் அந்த ஆறு வேறு, இந்த ஆறு வேறு. 1913இல், நவீன ஒலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்ட கூபர்த்தென் வரைந்த ஒலிம்பிக் வளையங்கள் ஐந்தானதும், அமெரிக்காவை ஒன்றாக்கி அண்டார்டிகாவை விட்டுவிட்ட கணக்கினால்தான். கண்டம் என்ற சொல்லுக்கே துண்டு என்றுதானே பொருள்!

சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிரீன்லாந்து தீவு, 76 லட்சத்துக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியா கண்டம் என்கிறோம். இரண்டுக்கும் இடையே கோடு எங்கே என்று எந்த விதியும் சொல்வதில்லை. புவித்தட்டுகளைக் கொண்டு எண்ணினால் இந்தியாவையே தனிக் கண்டமாக்க வேண்டிவரும்.

நெல்லைச் சீமையினருக்கு இது விளங்காத செய்தியன்று. 1986இல் தூத்துக்குடியும் 2019இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. குற்றாலத்து அருவி ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் மாவட்டத்தின் பெயர் மாறிவிட்டது.

ஆகவே, வினாத்தாள் அமைப்போர் 'நம் பாடநூலின்படி' என்ற சொற்களையேனும் சேர்க்க வேண்டும் என்றும், வகுப்பில் எண்ணைச் சொல்லும்போதே அது எந்த அளவுகோலால் வந்தது என்பதையும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அச்சிறுமிக்கு உரிய மதிப்பெண்ணை இப்போது வழங்கினாலும் காலம் கடந்ததாகாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.