பாப்பாவுக்கு எந்தக் கத்தி?

மாப்ள,

இரண்டு மாதமாக நான் போனை எடுக்கவில்லை, நீ அனுப்பியதற்கெல்லாம் வெறும் கட்டைவிரல் படத்தைப் போட்டு ஒப்பேற்றினேன் என்று பொங்கிக்கொண்டிருப்பாய். தங்கச்சி கேட்டதற்கும் ‘காப்பிப் பழம் எடுப்பு, ஆள் பற்றாக்குறை’ என்று வீட்டில் சொல்லச் சொன்னேன். அது பொய். ஐப்பசிக் கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலில் நரம்பு அறுந்து, மதுரையில் ஆபரேஷன் ஆகி, ஆறு வாரம் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். உனக்கு அப்போதுதான் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சொன்னால் மறுநாளே வண்டி பிடித்துத் தாண்டிக்குடி ஏறி வந்து நிற்பாய், அதனால் மறைத்தேன். திட்டுவதென்றால் திட்டிக்கொள், ஆனால் முதலில் இதை முழுசாகப் படி.

இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நீ அனுப்பிய அந்தப் படம். கறுப்பு அலகு, ஐந்தரை அங்குல நீளம், மடக்குக் கத்தி. ‘பாப்பா வால்பாறைக்குச் சோலைமந்தி ஆராய்ச்சிக்குப் போகிறாள், மூடினால் பையில் அடங்கும், திறந்தால் அரிவாள், ஒரே கத்தியில் ரெண்டு வேலை, ஆர்டர் போடவா?’ என்று கேட்டிருந்தாய். போடாதே மாப்ள. என் விரலை அறுத்தது அதே ஜாதிக் கத்திதான்.

நடந்ததைச் சொல்கிறேன். இரவெல்லாம் மழை. காலையில் போய்ப் பார்த்தால் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து மிளகுக் கொடிமேல் சாய்ந்து கிடக்கிறது. கொடியைக் கிழிக்காமல் கிளையை எடுக்கவேண்டும். அரிவாள் கீழே ஷெட்டில் இருந்தது. இறங்கி ஏறச் சோம்பல்பட்டு, பாக்கெட்டில் இருந்த மடக்குக் கத்தியை எடுத்தேன், மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கட்டைவிரலால் தள்ளினால் டக்கென்று திறந்து நிற்கும், நல்ல கூர், பார்க்கவும் அம்சமாக இருக்கும். இரண்டு மூன்று குச்சியை அறுத்தேன். நான்காவதில் முனை ஆழமாகக் குத்தி மாட்டிக்கொண்டது. அதைப் பிடுங்குவதற்காகப் பக்கவாட்டில் ஒரு திருகு திருகி, முதுகுப் பக்கமாக நெம்பினேன். சத்தமே இல்லை. பூட்டு விலகி அலகு மடிந்து பிடிக்குள் போனது. வழியில் என் விரல் இருந்தது.

வலி உடனே வரவில்லை. கையை உதறிவிட்டு விரல்களை மடக்கிப் பார்த்தேன். மூன்று விரல் மடங்குகின்றன, ஆள்காட்டி மட்டும் நேராகவே நிற்கிறது. மடங்கு என்று மனசு சொல்கிறது, விரலுக்குக் கேட்கவில்லை. அந்த நிமிடம் வயிற்றில் ஏதோ கவிழ்ந்த மாதிரி இருந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் மலை இறங்கினோம், வத்தலக்குண்டு தாண்டி மதுரை போய்ச் சேரும்வரை வீட்டுக்காரி என் கையை மேலே தூக்கிப் பிடித்தபடியே வந்தாள். நாம் நரம்பு என்கிறோமே, டாக்டர் அதைத் தசைநாண் என்றார். அறுந்த இரண்டு முனையையும் தேடிப் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். கட்டு அவிழ்த்தாயிற்று, இப்போது ரப்பர் பந்து. கனமானது எதையும் இன்னும் ஆறு வாரம் தூக்கக் கூடாது. இந்த வருஷம் காப்பிப் பழம் எடுப்பை முழுக்க அவளே பார்த்தாள், நான் திண்ணையில் உட்கார்ந்து சாக்கு எண்ணினேன்.

உட்கார்ந்திருந்த நாளில் அந்தக் கத்தியை இடது கையால் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். லைனர் லாக் என்பது வேறொன்றும் இல்லை, பிடியின் உள்பக்கம் ஒரு மெல்லிய தகடு, அலகு திறந்ததும் அது வில் மாதிரி உள்ளே சாய்ந்து அலகின் அடியில் முட்டுக் கொடுக்கும். அவ்வளவுதான் பூட்டு. அந்த இடுக்கில் வாழைநார்த் தூசியும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிக் கிடந்தது, தகடு முழுசாக உள்ளே வராமல் ஓரத்தில் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. திருகினதும் வழுக்கிவிட்டது. கத்தி செய்தவனைக் குறை சொல்லமாட்டேன், சேற்றில் நெம்புவதற்காக அவன் அதைச் செய்யவில்லை.

இதில் நீளம் என்ன செய்கிறது என்பதுதான் உனக்கு நான் சொல்லவேண்டியது. நீதான் நமக்கெல்லாம் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவன், கணக்கைப் பார். அலகு சுழலும் ஆணியிலிருந்து முனை 12 செ.மீ. தூரம். முட்டுக் கொடுக்கும் தகடு அதே ஆணியிலிருந்து 8 மில்லி தூரம். 15 மடங்கு. முனையில் முதுகுப் பக்கமாக 5 கிலோ பாரம் விழுந்தால் அந்த மெல்லிய தகடு 75 கிலோவைத் தாங்கவேண்டும். அலகை ஐந்தரை அங்குலமாக்கினால் இன்னும் கூடும். சின்ன மடக்குக் கத்தியில் இந்த வம்பு கிடையாது, அதை வைத்து யாரும் நெம்ப நினைக்கமாட்டார்கள். பெரியது கையில் இருந்தால் கை தானாகப் பெரிய வேலைக்குப் போகிறது. என் கை அப்படித்தான் போனது.

பையில் அடங்கும் என்கிறாயே, அளந்து பார்த்தாயா? ஐந்தரை அங்குல அலகு உள்ளே மடங்கவேண்டுமென்றால் பிடி ஆறரை அங்குலமாவது இருக்கவேண்டும். கனமும் இரட்டிப்பு. பாக்கெட்டில் போட்டால் உட்காரும்போது இடுப்பில் குத்தும். கடைசியில் நீயே அதற்கு ஓர் உறை வாங்கி பெல்ட்டில் மாட்டுவாய். அப்புறம் மடங்குவதால் என்ன லாபம்?

மடக்குக் கத்தியே ஆகாது என்று நான் சொல்லவரவில்லை. நம் ஒட்டுக்கட்டும் கத்தி மடக்குக் கத்திதான், அதைவிட நல்ல கத்தி என்னிடம் கிடையாது. பிரான்சில் ஒப்பினெல் என்று ஒன்று 1890 முதல் செய்கிறார்கள், மரப்பிடி, மெல்லிய அலகு. கழுத்தில் ஒரு பூண், அதைத் திருகினால் அலகு நின்றுவிடும். அந்தப் பூண் 1955-இல் வந்தது, அதற்குமுன் அறுபது வருஷம் பூட்டே இல்லாமல் விவசாயிகள் வைத்திருந்தார்கள். எட்டாம் நம்பர் கத்திக்கு அலகு எட்டரை செ.மீ.தான். பழம் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ அருமை. அடைமழையில் மரப்பிடி ஈரம் குடித்து ஊதினால் அலகு இறுகிக்கொண்டு திறக்க மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், மரத்தின் குணம் அது. அமெரிக்காவின் பக் 110 வந்தது 1964-இல், முதுகில் பூட்டு, பித்தளைத் தலை, கையில் வைத்தாலே கனம் தெரியும். வேட்டைக்காரர்கள் கொண்டாடிய அந்தக் கத்திக்கே அலகு நான்கு அங்குலத்துக்கு உள்ளேதான். நீ பார்த்து வைத்திருப்பது ஐந்தரை!

நம் பக்கத்தில் கத்தியை வைத்துப் பிழைக்கிறவர்களை யோசித்துப் பார். பனையேறியின் பாளை அரிவாள் மடங்காது, அதற்கு இடுப்பில் அரிவாள்பெட்டி இருக்கிறது. தேங்காய் வெட்டுகிறவர், கசாப்புக் கடைக்காரர், மீன் அறுக்கிற அக்கா, இங்கே தேன் எடுக்க வரும் பளியர்கள், யார் கையிலும் மடிப்பு வைத்த கத்தியை நான் பார்த்ததில்லை. இரும்பு ஒரே துண்டாகப் பிடியின் கடைசிவரை ஓடினால் உடைவதற்கும் மடிவதற்கும் இடமே இல்லை. சேறு பட்டால் வாளியில் முக்கித் துணியில் துடைத்து உறையில் போட்டுவிடலாம். மடக்குக் கத்தியில் போன அழுக்கை எடுக்க ஊசி வேண்டும். இன்னொன்று, பாப்பா இடக்கைக்காரி. லைனர் லாக் வலக்கைக் கட்டைவிரலுக்காக வைப்பது, இடது கையில் பிடித்துப் பூட்டை விடுவிப்பது அவளுக்குச் சர்க்கஸ்தான். மடங்காத கத்திக்கு இடதும் வலதும் ஒன்று, உறையை மட்டும் இடது இடுப்புக்குத் தைத்தால் போதும்.

‘பொம்பளைப் பிள்ளை இடுப்பில் கத்தி தொங்கினால் ரவுடி மாதிரி இருக்கும், பஸ்ஸில் போலீஸ் பிடித்தால்?’ என்று தங்கச்சி கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. ஆயுத விதிகள் 2016-இன் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைத்தான் ஆயுதப் பட்டியலில் வைக்கிறது, வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. நான் பாப்பாவுக்குச் சொல்வது நான்கு அங்குல மடங்காத கத்தி, காய்கறிக் கத்தி அளவு. ஆனாலும் சட்டம் ஒன்று, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் முகம் ஒன்று. ஊர்ப் பயணத்தில் அது பைக்குள், டிரஸ்ஸுக்கு அடியில் இருக்கட்டும். களத்துக்குப் போனபிறகு இடுப்புக்கு வரட்டும்.

அவளுக்கு அங்கே என்ன வேலை என்று போனில் அவளிடமே கேட்டேன் (உனக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்டேன், என் விரல் கதை அவளுக்குத் தெரியும், அவளைத் திட்டாதே). புதுத்தோட்டத்துப் பக்கம் காலையிலிருந்து மந்திக் கூட்டத்துக்குப் பின்னாலேயே நடப்பது, குறிப்பு எடுப்பது. கயிறு அறுக்கவேண்டும், தார்ப்பாய் கட்டவேண்டும், டேப் கிழிக்கவேண்டும், மத்தியானம் ஒரு கொய்யாவை நறுக்கவேண்டும். மரமா வெட்டப்போகிறாள்? வழியில் உண்ணிச்செடி அடைத்துக்கொண்டால் வெட்ட, கூட வரும் உள்ளூர் அண்ணனிடம் அரிவாள் இருக்கிறதாம். ஆக அரிவாள் வேலை அவளுக்கு இல்லவே இல்லை, நீ அரிவாளைப் பைக்குள் மடித்து அனுப்பப் பார்க்கிறாய். உன் பழைய எட்டு பேட்டரி டார்ச் ஞாபகம் வருகிறது. நாம் ஜெனரேட்டர் என்று கூப்பிடும் நம் கூட்டாளியிடம் சொன்னேன், அரைமணி நேரம் சிரித்தான்.

ஸ்வீடனில் மோரா என்ற ஊரின் பெயரிலேயே ஒரு கத்தி இருக்கிறது, நாலு அங்குலத்துக்குச் சற்று மேல், பிளாஸ்டிக் உறை, விலையும் அதிகமில்லை. அதையே வாங்கிக் கொடுத்தாலும் எனக்குத் திருப்திதான். ஆனால் கை சும்மா இருக்கவில்லை, கீழே ஆசாரி பட்டறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். லாரியின் ஸ்பிரிங் பட்டைத் துண்டு ஒன்றை உலையில் போட்டு, பத்து மில்லி கனத்தை அடித்து அடித்து மூன்று மில்லிக்குக் கொண்டுவந்தார். நான்தான் மூன்று கேட்டேன். கனமான முதுகு பார்க்க வீரமாக இருக்கும், கொய்யாவை வெட்டாமல் பிளக்கும்.

பதம் வைத்ததை நீ பார்த்திருக்கவேண்டும் மாப்ள. செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்தார், அப்போது அது கண்ணாடி மாதிரி, கீழே போட்டால் உடைந்துவிடும் என்றார். கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன் முதுகை மட்டும் பழுக்கக் காய்ந்த இரும்புக் கட்டிமேல் வைத்துக் காத்திருந்தார். முதுகிலிருந்து நிறம் கிளம்புகிறது. முதலில் வைக்கோல் மஞ்சள், அது மெல்ல வாய்ப் பக்கம் நகர, பின்னாலேயே பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் வாயின் ஓரத்தைத் தொட்டதும் சட்டென்று தண்ணீரில் முக்கிவிட்டார். முதுகு நீலம், வளைந்து கொடுக்கும். வாய் மஞ்சள், கூர் நிற்கும். மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன், விரல் வலி மறந்தே போனது.

உறைக்குத் தோல் வேண்டாம் என்றுவிட்டேன். வால்பாறை மழையில் தோல் ஈரத்தை வைத்துக்கொண்டு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். பி.வி.சி. பைப்பைச் சூடுகாட்டித் தட்டையாக்கி நானே செய்திருக்கிறேன், தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி விழாது. சாயங்காலம் துடைத்துத் துளி தேங்காயெண்ணெய் தடவச் சொல், இது எவர்சில்வர் இல்லை. மடங்காது என்பதற்காக வெட்டாது என்று நினைக்கவும் வேண்டாம், கை முன்னால் வழுக்கினால் இதுவும் அறுக்கும். அதற்குத்தான் பிடியின் முன்பக்கம் ஒரு மேடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். உடம்புக்கு வெளிப்பக்கமாகவே அறுக்கவேண்டும் என்று நான் அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன். அவள் பாக்கெட்டுக்கு என் சின்ன ஒட்டுக்கத்தியையும் சேர்த்துத் தருகிறேன்.

இன்னும் பிடி மட்டும் பாக்கி. பழைய காப்பி மரக்கட்டை ஒன்று நன்றாகக் காய்ந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் வைத்து மூன்று ரிவெட் அடிக்கவேண்டும். என் கை அளவுக்குச் செய்தால் அவளுக்குப் பெரிதாகப் போகும். ஒரு வெள்ளைத் தாளில் பாப்பாவின் இடது உள்ளங்கையை வைத்துப் பேனாவால் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. ஆசாரி வெள்ளிக்கிழமைவரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை மறக்காமல் போடு.

உன்,
பங்காளி