தையில் பார்த்த தண்ணீர்

அன்புள்ள பங்காளிக்கு,

கடிதம் கிடைத்தது. பையனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில்தான். நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற மீன்தான் மார்க்கெட்டில், விலையைக் கேட்காதே.

சாயல்குடிப் பக்கம் கடலோரத்தில் வீடு கட்ட அந்த 40 சென்ட் நிலத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறாயாமே, கொஞ்சம் பொறு. நீ வந்து பார்த்தது தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊருணி தளும்பி நிற்கிற நேரத்தில் எந்தக் கிணறும் இனிக்கத்தான் செய்யும். வைகாசியில் வந்து அதே தண்ணீரைக் குடித்துப் பார். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் காட்டினால் நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில்கூட 2,000 தான் எல்லை. அதைத் தாண்டினால் அந்த இடத்தை மறந்துவிடு.

200 அடிக்கு போர் போட்டால் சரியாகிவிடும் என்று தரகர் சொன்னதை மட்டும் நம்பாதே. கடலோர மணலில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நல்ல தண்ணீர் என்பது கணக்கு. இறைத்து அந்த ஓரடியை இறக்கினால் அடியிலிருந்து உப்பு மேலேறிவிடும். ஆழம் போகப் போக உப்பைத்தான் தேடிப் போகிறாய். ஆழம் குறைந்த உறைக்கிணறு, அரை குதிரைத்திறன் மோட்டார், காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஒரே மூச்சாக ஓட்டினால் கிணறு உவர்த்துப்போகும், அப்புறம் நல்ல மழை பெய்தால்தான் தெளியும்.

குடிக்க மழைத்தண்ணீர்தான். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் விழும், சிதறல் போக 750 வைத்துக்கொள். உங்கள் இரண்டு பேருக்கும் குடிக்க, சமைக்க நாளைக்கு 20 லிட்டர். மழை விட்ட பிறகு 270 நாளைக்கு 5,400 லிட்டர் வேண்டும். ஆக 6,000 லிட்டர் தொட்டி போதும், 80 மில்லிமீட்டர் மழையில் நிறைந்துவிடும். மழை தொடங்கும்போது வரும் தண்ணீரில் தூசி, காக்கை எச்சம், காற்று கொண்டுவந்த உப்பு எல்லாம் கலந்து வரும். அதனால் ஒவ்வொரு மழையிலும் முதல் 150 லிட்டரை வெளியே விட தனி வால்வு வை. தொட்டிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், வலை கட்டாவிட்டால் கொசு முட்டையிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் இருக்கிறது என்பார்கள். வந்தால் லாபம், அதை நம்பித் தொட்டியைச் சின்னதாக்காதே.

வீடு கட்டும்போதும் இதே உப்புதான் எதிரி. உப்பில் இருக்கிற குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிற தண்ணீரில் கம்பி போட்ட கான்கிரீட் கலக்கக் கூடாது. கொத்தனார் “எல்லாரும் இதில்தான் போடுகிறார்கள்” என்பார். எல்லார் வீட்டுத் தளமும் உதிர்வதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிடு. கம்பி துருப்பிடித்தால் பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். தூணுக்கும் உத்தரத்துக்கும் கம்பி வெளியே தெரியாமல் கான்கிரீட்டுக்குள் தள்ளி நிறுத்துகிற கவர் பிளாக் 45 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வைக்கச் சொல். கடற்கரை மணலை வாசலில் கொட்டவே விடாதே. கீல், தாழ்ப்பாள் பித்தளையில் வாங்கு.

இடத்தில் இருக்கிற சீமைக்கருவேலை வெட்டினால் இரண்டே மாதத்தில் துளிர்த்து நிற்கும். மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போது தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

பத்திரத்துக்கு முன்னால் வில்லங்கச் சான்று, நிலத்தின் வகையைச் சொல்கிற அ-பதிவேடு, எல்லை அளவுகளைக் காட்டுகிற புலப்படம் மூன்றையும் வாங்கிப் பார். இடம் கண்மாய்ப் புறம்போக்கில் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கடல் ஏறி வருகிற உச்ச எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும்.

வரும்போது மீட்டரோடு நாலு காலி பாட்டிலும் எடுத்து வா. அந்த இடத்துக் கிணறு மட்டும் போதாது, சுற்றியுள்ள தோட்டக் கிணறுகளிலும் தண்ணீர் எடுத்துப் பார்ப்போம். தரகரிடம் வருகிறாய் என்று சொல்லாதே.

அன்புடன்,
உன் பங்காளி