153 சரி, அந்த 43 சதவீதம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை எண்ணி முடித்த சென்னை மாநகராட்சித் தேர்தல் முடிவைக் கட்சிவாரியாகப் போட்டிருந்தீர்கள். 200 வார்டில் திமுக 153, காங்கிரஸ் 13, சிபிஎம் 4, விசிக 4, மதிமுக 2, சிபிஐ 1, முஸ்லிம் லீக் 1 என்று அந்தக் கூட்டணிக்கு மட்டும் 178. அதிமுக 15, பாஜக 1, அமமுக 1, சுயேச்சைகள் 5. ஜெயித்த எல்லோருக்கும் வாழ்த்துகள். 2011ல் இதே 200 வார்டில் அதிமுக 160க்கு மேல் பிடித்தது, அதனால் ஊர் மொத்தமாக ஒரு பக்கம் சாய்வது புதிதில்லை.

என் கவலை வேறு. சனிக்கிழமை ஓட்டுப் போட்டவர்கள் 43 சதவீதம் சொச்சம்தான், நூற்றுக்கு 44 பேர்கூட இல்லை. நான் போனபோது பூத்தில் எனக்கு முன்னால் மூன்றே பேர், எங்கள் அடுக்குமாடியில் பாதி வீடு அன்றைக்கு வெளியூர் போய்விட்டது. இவர்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, இட ஒதுக்கீட்டுக் குளறுபடியால் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அப்புறம் வார்டு மறுவரையறை, கொரோனா என்று ஐந்து வருஷத்துக்கும் மேல், கவுன்சிலர்களே இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் கையில்தான் நிர்வாகம். போன நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல், ஆளுக்கொரு நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தோம். கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பார், அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதே இப்போது முதல்முறை ஓட்டுப் போடும் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு அவர்கள் எப்படி வரிசையில் நிற்பார்கள்?

மார்ச் 4ஆம் தேதி மேயரைத் தேர்ந்தெடுப்பதும் நாம் இல்லை, இந்த 200 பேர்தான். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கியிருக்கும் பதவி அது, எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். ஆனால் மன்றத்தில் 178 பேர் ஒரே பக்கம் உட்காரும்போது, குப்பை, மழைநீர் வடிகால், சொத்து வரி பற்றி எழுந்து கேள்வி கேட்கும் வேலை ஆளுங்கட்சிக் கவுன்சிலர்களுக்கும் இருக்கிறது. அவர்கள் கேட்கிறார்களா என்று நாம்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வார்டிலும் மொத்த வாக்காளர் எத்தனை, ஓட்டுப் போட்டவர் எத்தனை, ஜெயித்தவர் வாங்கியது எத்தனை என்று ஒரு பக்கம் முழுக்கப் போடுங்கள். மன்றம் கூடிய பிறகு, எந்த வார்டுக் கவுன்சிலர் என்ன கேட்டார் என்பதையும் மாதம் ஒருமுறையாவது எழுதுங்கள்.

ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை