அட்மாஸ்ஃபியர் ஒரே ஆள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய கம்பெனிகளை நம்பாமல் சொந்தமாகப் பாட்டு வெளியிடுகிறவர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து அட்மாஸ்ஃபியருக்கும் அதில் ஒரு பத்தி கொடுத்திருந்தது சந்தோஷம். ஆனால் 'அட்மாஸ்ஃபியர் என்ற ராப் பாடகர்' என்று போட்டுவிட்டீர்கள். அது இரண்டு பேர் கொண்ட குழுவின் பெயர். பாடுகிறவர் ஸ்லக், நிஜப் பெயர் ஷான் டேலி. இசை போடுகிறவர் ஆன்ட், நிஜப் பெயர் ஆன்டனி டேவிஸ். கட்டுரையில் ஆன்ட் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

வேறு யாராவது என்றால் இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். நான் இருபது வருஷத்துக்கு மேல் நெல்லைப் பக்கம் மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவன். கோயில் கொடை நோட்டீசில் பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், நாங்கள் 'மற்றும் குழுவினர்'. அதனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இவர்கள் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டியது என் அக்கா மகன். ஸ்லக் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, பின்னால் ஓடுகிற இசைதான் முதலில் காதில் விழுந்தது. சோல் என்கிற பழைய கறுப்பின அமெரிக்கப் பாட்டு ரெக்கார்டில் ஒரு துண்டை எடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே ஒரு டிரம்ஸ். கேட்க ரொம்பச் சுலபமாகத் தெரியும். பாடுகிறவர் மூச்சு வாங்குகிற இடம் பார்த்துச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆன்டுக்கு அது கைவந்திருக்கிறது.

உங்கள் கட்டுரையாளர் ஏமாந்ததில் ஆச்சரியமும் இல்லை. 1997இல் முதல் ஆல்பம் வந்தபோது ஸ்பான் என்ற இன்னொரு ராப்பரும் கூட இருந்தார், அப்புறம் விலகிவிட்டார். ஆரம்ப காலச் சுற்றுப்பயணங்களில் ஆன்ட் பெரும்பாலும் ஊரிலேயே இருந்துகொண்டார், மேடையில் டிஜே வேலை பார்த்தவர் மிஸ்டர் டிப்ஸ். ஊர் ஊராகப் பார்த்த ஜனங்களுக்கு அட்மாஸ்ஃபியர் என்றால் மைக் பிடித்து நின்ற ஸ்லக் மட்டும்தான்.

'பெரிய கம்பெனிகளை உதறியவர்' என்ற வரியும் எனக்கு உறுத்தியது. உதறுவது ஒரு நாள் வேலை. இவர்கள் 1995இல் நண்பர்களோடு ரைம்சேயர்ஸ் என்ற லேபிளை, அதாவது பாட்டு வெளியிடும் சொந்தக் கம்பெனியை, தொடங்கினார்கள். 1999இல் மினியாபொலிஸிலேயே ஃபிஃப்த் எலிமெண்ட் என்ற பெயரில் ரெக்கார்டுக் கடை போட்டார்கள். ஸ்லக் தானே முன்பு ஒரு ரெக்கார்டுக் கடையில் வேலை பார்த்தவர், கல்லாவுக்கு அந்தப் பக்கமும் தெரியும். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான் ஹிப் ஹாப் என்றிருந்த நாளில், பனி கொட்டுகிற ஒரு வடக்கத்தி ஊரிலிருந்து இதைச் செய்தார்கள். பிறகு எம்எஃப் டூம் என்ற பெயர்பெற்ற ராப்பரின் ஆல்பமே அந்த லேபிளில் வந்தது. அதற்காக யார் கையையும் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2003இல் வந்த ஆல்பத்தை எபிடாஃப் என்ற பங்க் ராக் லேபிளோடு சேர்ந்துதான் வெளியிட்டார்கள். அதுவும் சுயேச்சையான லேபிள்தான், ஆனால் இவர்களைவிடப் பெரியது.

2008இல் வந்த ஆல்பம் பில்போர்டு 200 என்ற அமெரிக்க ஆல்பப் பட்டியலில் ஐந்தாவது இடத்துக்குப் போனது. கட்டுரையில் அந்த எண் மட்டும் இருக்கிறது, ஆல்பத்தில் என்ன நடந்தது என்பது இல்லை. அதுவரை ரெக்கார்டுத் துண்டுகளை வைத்தே பிழைத்த ஆன்ட், அதில் கிட்டார், கீபோர்டு என்று ஆட்களை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். (கீபோர்டு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததை மறைக்கவில்லை.) ஸ்லக்கும் சொந்தக் காதல் புலம்பலைக் குறைத்துக்கொண்டு அடுத்தவர்கள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஓட்டலில் பரிமாறும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டில் டாம் வெய்ட்ஸ் என்ற பிரபல அமெரிக்கப் பாடகர் வந்து வாயாலேயே தாளம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இன்னொரு பாட்டு, பிரிந்துபோன காதலியைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் செத்துப்போன அப்பா என்று தெரிகிறது. அக்கா மகன் வரிவரியாக அர்த்தம் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பாட்டுக்கு ஆன்ட் போட்டிருப்பதோ துள்ளலான பியானோ. சோகத்துக்குச் சோக ராகம் வைத்திருந்தால் கதை முதல் வரியிலேயே தெரிந்துபோயிருக்கும்.

பிரதர் அலி என்ற இன்னொரு பாடகருக்கும் 2003, 2007 ஆல்பங்களுக்கு இதே ஆன்ட்தான் இசை. அட்மாஸ்ஃபியர் பாட்டையும் அலி பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அலியின் குரல் பிரசங்கம் மாதிரி, அதற்குத் தக்க டிரம்ஸ் அடியும் கனமாகிவிடுகிறது.

எல்லாமே நன்றாயிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. 2016இல் வந்த ஆல்பம் எனக்கு இழுவை, பாதியில் காபி போடப் போய்விட்டேன். 2008 முதல் 2019 வரை சவுண்ட்செட் என்ற ஹிப் ஹாப் இசைத் திருவிழாவை நடத்தினார்கள், அது இப்போது இல்லை. கடையையும் 2020இல் மூடிவிட்டார்கள். இருவரும் இன்னும் ஆல்பம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள். போடும்போது ஆன்ட் பெயரை முதலில் போட முடியுமா என்று பாருங்கள். ஸ்லக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இப்படிக்கு,
மெல்லிசைக் கச்சேரி கீபோர்டுக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.