டீக்கடை வாதமும் 95 சென்டிமீட்டர் மழையும்

மக்கா,

உன் லெட்டர் கெடச்சு ரொம்ப நாளாச்சு, பதில் வரலன்னு கோவிச்சுக்காத. மூத்தவளுக்கு பிரசவம், அப்புறம் வாழத்தார் வெட்டுன்னு வீட்ல ஒரே ஓட்டம். பேத்தி பொறந்திருக்கா, தாயும் புள்ளையும் சொகமா இருக்காவ. உனக்கு சுகர் இப்ப எப்படி இருக்கு, மாத்திரய ஒழுங்கா போடுதியா?

நீ கேட்டதுக்கு வாரேன். "கிளைமேட் சேஞ்ச்னு தெனமும் டிவில சொல்லுதாவளே, நெசந்தானா, நீ வெள்ளத்த கண்ணால பாத்தவன், நீ சொன்னா நம்புதேன்"ன்னு எழுதியிருக்க. எம்மேல உள்ள பிரியத்துல எழுதிட்ட, ஆனா வெள்ளத்த பாத்தவன்ங்குறதுக்காக என்னைய நம்பாத மக்கா. வெள்ளத்த பாத்த பத்து பேரு இங்க டீக்கடைல பத்து விதமா பேசுதாவ. 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் வானம் கொஞ்சம் கறுத்தாலே இந்த பேச்சுதான்.

வெத்தல கொடிக்கால் வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, அவருதான் ரொம்ப சூடா பேசுவாரு. நாளைக்கு மழைன்னு சொன்னானேன்னு மருந்தடிக்காம விட்டேன், சுள்ளுன்னு வெயிலடிச்சுது, நாளைக்கு நடக்கதே தெரியாதவனுக்கு 2100ல நடக்கது எப்படி தெரியும்னு கேக்காரு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் 1992லயும் தாமிரபரணில வெள்ளம் வந்துச்சே, அப்ப யாரு கிளைமேட்னு சொன்னான்னு கேக்காரு. ரெண்டுமே நியாயமான கேள்விதான், இத கேக்கவங்கள படிக்காதவன்னு சொல்லி ஒதுக்குறவங்கள பாத்தா எனக்கு கோவம் வருது. ஏன்னா இங்க உள்ளவங்க அவநம்பிக்கைக்கு காரணம் இருக்கு.

அந்த டிசம்பர் 18 காலைல 8.30 வரைக்கும் 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் பெஞ்சுது. திருச்செந்தூர்ல 69, நம்ம ஸ்ரீவைகுண்டத்துல 62. தூத்துக்குடி மாவட்டத்துல ஒரு வருஷம் முழுக்க பெய்யுற மழைய விட காயல்பட்டினத்துல ஒரே நாள்ல பெஞ்சது அதிகம். புயல் கூட கெடையாது, குமரிக்கடல் பக்கம் ஒரு மேலடுக்கு சுழற்சி, அவ்வளவுதான். சென்னைக்கு போன ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல நின்னு சுமார் 800 பேரு தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். வானிலை ஆய்வு மையத்தோட கணக்குல கடைசி படி "அதி கனமழை", அதாவது 20 சென்டிமீட்டருக்கு மேல. 21 பெஞ்சாலும் அதே படி, 95 பெஞ்சாலும் அதே படி. எச்சரிக்கை எப்ப வந்துச்சு, வந்தது போதுமான்னு மத்திய அரசும் மாநில அரசும் மாத்தி மாத்தி பேசினாவ, அத விடு. ஆத்தங்கரைல இருக்கவனுக்கு 21க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம்தான் உசுரு, மாட்ட அவுத்து விடணுமா, புள்ளைகள மாடில ஏத்தணுமா, இல்ல ஊரையே காலி பண்ணணுமான்னு அதுலதான் முடிவு பண்ண முடியும். அந்த எடத்துல கணிப்பு நம்மள கைவிட்டுச்சுன்னு அண்ணாச்சி சொன்னா நான் மறுக்க மாட்டேன்.

ஆனா நாளைய மழையும் நூறு வருஷ சூடும் ஒரே கணிப்பு இல்லல்லா. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழைன்னு நம்ம ஆச்சி சொல்லுவா, ஐப்பசி 12ஆம் தேதி சாயங்காலம் பெய்யுமான்னு கேட்டா அவளுக்கு தெரியாது, அதுக்காக அவ சொன்னது பொய்யாயிருமா. தேதிய சொல்லுறது வேற, காலத்தோட போக்க சொல்லுறது வேற. இத சொன்னதும் அண்ணாச்சி, சரி, அவங்க அப்படி முன்ன சொன்னதுல பலிச்சது ஒண்ணு காட்டுன்னு கேட்டாரு. அதுதான் மக்கா சரியான கேள்வி, நானும் அதுக்கப்புறம்தான் உக்காந்து தேடித்தேடி படிச்சேன்.

சியுகுரோ மனாபேன்னு ஒரு ஜப்பான்காரர், அமெரிக்கால வேல பாத்தவரு. 1967லயே, அப்ப உள்ள சின்ன சக்தி கம்ப்யூட்டர வச்சு, காத்துல கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானா பூமி சுமார் 2.3 டிகிரி சூடாகும்னு இன்னொருத்தரோட சேந்து எழுதினாரு. அதுல எனக்கு ரொம்ப புடிச்சது இன்னொரு விஷயம். கீழ நம்ம இருக்க காத்து சூடாகும், ஸ்ட்ராட்டோஸ்பியர்ங்குற மேலடுக்கு குளிரும்னு அந்த கணக்கு சொல்லிச்சு. சூரியன் கூடுதலா காயுதுன்னா மேலயும் கீழயும் சேந்து சூடாகணும்லா, ஆனா பின்னாடி சாட்டிலைட்டும் பலூனும் வச்சு அளந்தப்ப கீழ சூடு, மேல குளிர்ச்சி. யாரும் அளந்து பாக்கதுக்கு முன்னாடியே சொன்னது. 2021ல அவருக்கு இயற்பியல் நோபல் கெடச்சுது. ஹவாய்ல மவுனா லோவா மலைல 1958ல அளக்க ஆரம்பிச்சப்ப பத்து லட்சத்துல 315 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்ப 420ஐ தாண்டிருச்சு. 2024ல உலக சராசரி சூடு 19ஆம் நூற்றாண்டு பிற்பாதிய விட சுமார் 1.55 டிகிரி கூட.

அவரு ஒருத்தர் மட்டும் குருட்டாம்போக்குல சொல்லி பலிச்சிருச்சுன்னு நெனைக்காத. உலகம் எவ்வளவு சூடாகும்னு 1970லேருந்து 2007 வரைக்கும் வந்த 17 கணிப்ப எடுத்து ஒரு ஆய்வு சரிபாத்துச்சு. புகை எவ்வளவு வரும்னு அவங்க போட்ட கணக்குல இருந்த வித்தியாசத்த நேர் பண்ணிட்டு பாத்தா 14 ஒத்துப்போச்சு. எக்ஸான் கம்பெனி சொந்த விஞ்ஞானிகள் 1970கள் கடைசிலயும் 80கள்லயும் போட்ட கணக்கு கூட பெரும்பாலும் சரியாத்தான் இருந்துச்சுன்னு 2023ல வந்துச்சு. எண்ணெய் விக்கவன் வீட்டுக்குள்ளேயே அதே விடை வந்திருக்கு, ஆனா வெளிய அந்த கம்பெனி சந்தேகத்த பரப்புச்சு, இத படிச்ச அன்னைக்கு எனக்கு ராத்திரி சோறு எறங்கல.

தப்பே பண்ணலயான்னு வாத்தியார் கேட்டாரு, பண்ணியிருக்காவ. ஐநாவோட காலநிலை விஞ்ஞானிகள் குழு ஐபிசிசின்னு ஒண்ணு இருக்கு, அதோட 2007 அறிக்கைல இமயமலை பனியாறுகள் 2035க்குள்ள போயிரும்னு ஒரு வரி வந்துச்சு, சுத்த தப்பு, சரியான ஆய்வ பாக்காம உள்ள விட்டுட்டாவ. அத தப்புன்னு எடுத்து சொன்னதும் பனியாறு ஆய்வாளர்கள்தான், 2010 ஜனவரில அவங்க வாபஸ் வாங்கினாவ. வாட்ஸ்அப்ல இத்தனாம் வருஷம் சென்னை மூழ்கிரும்னு வருதே, அத அனுப்புனவன் யாராவது என்னைக்காவது வாபஸ் வாங்கி பாத்திருக்கியா? நெசமான அறிக்கைய எடுத்து பாத்தா கார்பன் ரெட்டிப்பானா 3 டிகிரி, ஆனா 2.5லேருந்து 4 வரைக்கும் இருக்கலாம்னு எழுதியிருப்பாவ. மழுப்புதாவன்னு வாத்தியாருக்கு தோணுது, எனக்கு அங்கதான் நம்பிக்கை வருது, தெரிஞ்சது எதுவர தெரியாதது எதுவரன்னு கோடு போட்டு சொல்லுதாவல்லா.

1992 விஷயத்துல வாத்தியார் சொன்னது பாதி சரி. ஒரே ஒரு வெள்ளத்த காட்டி இதுதான் சாட்சின்னு யாரு சொன்னாலும் அவசரப்படுதான்னு அர்த்தம். வெள்ளம் முன்னாடியும் வந்துச்சு. ஒரு டிகிரி சூடானா காத்து 7 சதவீதம் கூடுதல் ஈரத்த தாங்கும், அதனால கொட்டுற நாள்ல இன்னும் கூட கொட்டும், இவ்வளவுதான் உறுதி. நம்ம தாலுகால வடகிழக்கு பருவமழை எப்படி மாறும்னு கேட்டா, உலக சூட்ட சொல்லுற அளவுக்கு உறுதியா சொல்ல முடியல. வாழ போடவனுக்கு அதுதான் வேணும், அதான் அண்ணாச்சிக்கும் விஞ்ஞானிகளுக்கும் நடுவுல உள்ள எடைவெளி. இத குறைக்காம நம்பு நம்புன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாவ.

அதுக்குத்தான் இப்ப ஒரு வேல ஆரம்பிச்சிருக்கோம், அண்ணாச்சியும் சேந்துக்கிட்டாரு. 2023ல ஒவ்வொரு தெருவுலயும் தண்ணி எதுவர ஏறுச்சுன்னு, செவுத்துல கறை இன்னும் தெரியுற எடத்துலலாம் பெயிண்ட்ல கோடு போடணும். அணைக்கட்டுல இத்தன கன அடி போவுதுன்னு ரேடியோல சொன்னா எந்த தெரு முங்கும்னு புள்ளைகளே சொல்லணும். நீ பொதுப்பணித்துறைல இத்தன காலம் லெவல் எடுத்த ஆளு, கோட்டுக்கெல்லாம் உயரத்த எந்த பெஞ்ச்மார்க்லேருந்து எடுக்கணும், அணைக்கட்டு அளவோட எப்படி பொருத்தணும்னு விவரமா எழுது. முடிஞ்சா பங்குனி கழிஞ்சு நேர்லயே வா, பேத்தியவும் பாத்துட்டு போலாம், உன் பழைய லெவல் கருவி இருந்தா அதயும் எடுத்துட்டு வா.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன் கூட்டாளி