மாட்டுங்கா மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவி அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு ஆறு முறை கூடியது. ஆடிப்பூரம், நவராத்திரி கொலு, மார்கழித் திருப்பாவை வகுப்பு, பொங்கல் கோலப் போட்டி, மார்ச் 8 மகளிர் தினம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. கோலப் போட்டிக்கு நடுவர்களாக வந்தவர்களுக்கு நன்றி.

இனி கோதடி விரிப்பு விஷயம். "ஒரு குழந்தைக்கு ஒரு விரிப்பு தைக்க நான்கு மாதமும் சங்கப் பணமும் எதற்கு?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். அன்று பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

நம் அறையைப் பெருக்கித் துடைக்கும் மாவ்சியைத் தெரியாதவர் இல்லை. வருடா வருடம் கொலுப்படிகளைப் பரணிலிருந்து இறக்கித் தருபவர். அவர் மகளுக்குப் பேறுகாலம் என்று தெரிந்ததும் கவரில் பணம் வைத்துக் கொடுக்கலாம் என்றார்கள். கைப்பட ஏதாவது செய்வோம் என்று நான்தான் சொன்னேன். மராட்டிய வீடுகளில் பழைய நூல் புடவைகளை அடுக்கி, நூலோட்டிக் கோதடி தைப்பார்கள். நம் பாட்டிமார் பழம்புடவையில் தூளி கட்டியதும் அதே நினைப்புதானே?

மேல்பக்கத்துக்கு முக்கோணத் துண்டுகள் என்று முடிவானது. 5 அங்குலச் சதுரம், சந்தன நிறத்தில் 32, மயில்கழுத்து நீலத்தில் 32. நிறத்துக்கு அரை மீட்டர் போதாதா என்று கேட்டவர்களுக்கு: 44 அங்குல அகலத் துணியில் ஒரு பட்டைக்கு எட்டுச் சதுரம்தான் வரும், ஆக நான்கு பட்டை, 20 அங்குலம் வேண்டும். அரை மீட்டர் 20 அங்குலம்கூட வராது. துவைத்தால் இன்னும் சுருங்கும். அதனால்தான் மங்கள்தாஸ் மார்க்கெட்டில் முக்கால் மீட்டராக வாங்கினேன். நீலம் சாயம் விட்டது. தண்ணீர் தெளியும்வரை நான்கு முறை அலசினேன்.

முக்கோணமாக வெட்டிவிட்டுத் தைத்தால், குறுக்காக வெட்டிய கிராஸ் ஓரம் இழுபடும். அதனால் இரண்டு நிறச் சதுரங்களையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கச் சேர்த்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, பிறகு கோட்டோடு வெட்ட வேண்டும். இரண்டு இருநிறச் சதுரம் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நாலரை அங்குலத்துக்குச் சீவிவிட வேண்டும்.

இந்தச் சீவும் வேலையை முதல் முறை நாங்கள் செய்யவில்லை. ஐந்து பேர் தைத்தோம், ஆளுக்கு ஒரு விதமான கால் அங்குலம்! துண்டுக்கு அரைக்கால் அங்குலம் குறைய, எட்டுத் துண்டு சேர்ந்த வரிசை ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. எல்லாவற்றையும் பிரித்தோம். அதில் போனது ஒரு மாதம். அப்புறம் ஒரே மிஷினில் மூன்றாவது மாடி மாமி ஒருவரே தைத்தார், நான் அளந்து சீவினேன். இருநிறச் சதுரங்களை நாலு நாலாகச் சுழலும் காற்றாடி வடிவில் சேர்த்துப் பதினாறு காற்றாடிகள். காற்றாடியின் நடுவில் அத்தனை மடிப்பும் ஒரே புள்ளியில் சேர்வதால் இரண்டு ஊசி முறிந்தது. சுற்றிலும் கரை வைத்து 36 அங்குலம் வந்தது. உள்ளேயும் அடியிலும் மாவ்சி கொண்டுவந்த அவருடைய பழைய புடவை. கடைசியில் நூலோட்டியதும் அவர்தான். நாங்கள் ஒரு தையல் போடுவதற்குள் அவர் நாலு போட்டிருப்பார்.

ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் இதைப் போர்த்தக் கூடாது, பக்கத்திலும் வைக்கக் கூடாது, மூச்சு முட்டும் என்று மகளிடம் சொல்லித்தான் கொடுத்தோம். குழந்தை விழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டால், அது தலையைத் தூக்கிக் காற்றாடியைப் பார்க்கிறது. நானே போய்ப் பார்த்தேன்.

வருகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறுப்பினர் 46 பேர். தைக்க வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் 14. கடைசிவரை வந்தது நான்கு பேர். முழங்கால் வலி, பேரன் பரீட்சை எல்லாம் எனக்கும் உண்டு. சந்தா 19 பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. அவர்களில் சிலர் கோதடிச் செலவைக் கேட்டவர்கள் என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரியாக நிற்கிறது, கையிருப்பு சற்றுக் குறைவு. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன. அவருக்கும், தலைவிக்கும், மிஷினுக்கு எண்ணெய் போட்டுத் தந்த வாட்ச்மேனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். ஆனால் நம் கட்டடத்திலேயே இரண்டு வளைகாப்பு வருகிறது, இரண்டு வீட்டிலும் கோதடி உண்டா என்று கேட்டுவிட்டார்கள். நீலத்திலும் சந்தனத்திலும் மிச்சத் துணி கொஞ்சம் இருக்கிறது, ஒன்றுக்கே போதாது. புதன்கிழமை மூன்று மணிக்கு அறை திறந்திருக்கும். சந்தாவையும் அப்போதே கொடுத்துவிட்டால் துணி வாங்கச் சௌகரியமாக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்