ஒன்பதாவது கோல்ஃப் காரை வரைந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் வடிவமைப்பு, பொறியியல் பிரிவினர், வொல்ஃப்ஸ்பர்க், ஜெர்மனி.

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு நீங்கள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி, பெட்ரோல் கோல்ஃபின் உற்பத்தி 2027 முதல் மெக்சிகோவின் பியூப்லா ஆலைக்குப் போகிறது. ஒன்பதாம் தலைமுறையாக அடுத்து வரும் மின்சார கோல்ஃப் வொல்ஃப்ஸ்பர்க்கில் தயாராகும். அதை வரைந்துகொண்டிருக்கும் உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். எந்தப் பாகம் தேயுமோ அதைக் கண்ணால் பார்க்கவும், கையால் எட்டவும், தனியாகக் கழற்றி மாற்றவும் வழி வையுங்கள். கோல்ஃபின் எட்டுத் தலைமுறைகளிலும் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு இடத்தில்தான் பிரிந்தன.

1974இல் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த முதல் கோல்ஃப் 3.7 மீட்டர் நீளம், 1.61 மீட்டர் அகலம். எடை சுமார் 800 கிலோ. அதற்கு முந்தைய உங்கள் பீட்டில் காரின் பின்பக்கத்தில் காற்றால் குளிர்ந்த இன்ஜின் போய், முன்பக்கம் குறுக்காக உட்கார்ந்த, தண்ணீரால் குளிரும் இன்ஜின் வந்தது. அதன் 1.5, 1.6 லிட்டர் இன்ஜின்களில் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் முழுவதும் தெரியும். தண்ணீர் பம்பு தனி வி-பெல்ட்டில் ஓடியது. பம்பு கசிந்தால் டைமிங்கைத் தொடாமலே மாற்றிவிடலாம். நான்காம் தலைமுறையில் அதே பம்பை டைமிங் பெல்ட்டுக்குள் கொண்டுபோனீர்கள். பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டும் சேர்ந்து போகும். அதனால் பெல்ட் மாற்றும்போது பம்பு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், உருளைகள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுவதே விவரம் தெரிந்தவர்களின் வழக்கம்.

துருவை நீங்கள் வென்ற விதத்தை மனதாரப் பாராட்டுகிறோம். 1991இன் மூன்றாம் தலைமுறையில் பின்கதவின் விளிம்பும் சக்கர வளைவுகளும் அரித்துப்போயின. 1997இல் வந்த நான்காம் தலைமுறையில் உடல் முழுவதற்கும் துத்தநாகப் பூச்சு கொடுத்து, துரு துளைக்காது என்று 12 ஆண்டு உத்தரவாதம் தந்தீர்கள். அந்த வண்டிகள் இன்றும் கெட்டியாக நிற்கின்றன. அதிலும் ஒரு சிறு பிழை ஒளிந்திருந்தது. சத்தத்தை அடக்க முன் மட்கார்டுக்குள் வைத்த நுரைப்பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பஞ்சை எடுத்துவிட்டால் மட்கார்டு பிழைக்கும். தெரியாதவர்களுக்கு அது உள்ளிருந்தே அழுகும். அதே தலைமுறையில் கண்ணாடியைப் பிடித்திருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கண்ணாடி கதவுக்குள் விழுந்துவிடும். உலோகக் கிளிப் போட்டால் தீரும் வேலை அது.

2003இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஓட்டுவதற்கு எவ்வளவோ மேல். பின்பக்கம் நான்கு இணைப்புகள் கொண்ட சஸ்பென்ஷன் வந்ததால் வளைவில் நிதானம் கூடியது. அதன் வேக வகையான ஜிடிஐ வண்டியின் 2 லிட்டர் நேரடிப் பீய்ச்சல் டர்போ இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் உயர் அழுத்த எரிபொருள் பம்புக்கும் நடுவே கிண்ணம் போல ஓர் எஃகுத் துண்டு இருக்கிறது. கேமின் மூன்று மேடுகள் அதன் தலையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கருப்புப் பூச்சு போய் வெள்ளி நிறம் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். விட்டால் ஓட்டை விழுந்து, பம்பின் தண்டு நேராகக் கேமில் இடித்து, கேம்ஷாஃப்டே வீணாகும். ஆனால் பார்ப்பது எளிது. எரிபொருள் அழுத்தத்தை இறக்கிவிட்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பம்பு கையோடு வரும். தேய்ந்தாலும் எட்டும் இடத்தில் இருப்பதால் இந்தப் பாகத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை.

அதே காலத்து 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினான 1.4 டிஎஸ்ஐயில் பெல்ட்டுக்குப் பதிலாக இருந்த டைமிங் செயினின் கதை வேறு. வண்டியின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று நம்பி, அதை மாற்றுவதற்குக் காலக்கெடுவே வைக்கவில்லை. செயின் நீண்டது. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர், இரவு முழுக்க நின்ற இன்ஜினைக் காலையில் இயக்கும்போது உடனே இறுகவில்லை. முதல் சில நொடி கடகடவென்று வரும் சத்தம்தான் எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் ஓட்டி, செயின் ஒரு பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதும். 2012இன் ஏழாம் தலைமுறையில் ஈஏ211 என்ற புதிய இன்ஜின் வரிசையோடு நீங்கள் மறுபடி பெல்ட்டுக்கே வந்தது துணிச்சலான முடிவு. எடையும் முந்தையதைவிட 100 கிலோ வரை குறைந்தது. எங்கள் கணிப்பில் கோல்ஃபுகளில் சிறந்தது இதுதான்.

இரட்டை கிளட்ச் கொண்ட உங்கள் தானியங்கி கியர் பெட்டியான டிஎஸ்ஜியிலும் இதே பாடம். எண்ணெயில் நனையும் கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றச் சொன்னீர்கள். மாற்றியவர்களுக்கு அது நெடுநாள் உழைத்தது. உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி, ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறி உதறியது. இந்தியாவில் போலோ ஜிடி டிஎஸ்ஐ ஓட்டியவர்களுக்கும் இந்தப் பெட்டி பழக்கமானதுதான்.

2019இன் எட்டாம் தலைமுறையில் கைப்பழக்கத்தையே எடுத்துவிட்டீர்கள். ஏசியின் குளிரையும் பாட்டின் ஒலியையும் கூட்டிக் குறைக்க, திரைக்கு அடியில் விளக்கு இல்லாத தொடுபட்டை. இரவில் அது இருக்கும் இடமே தெரியாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உள்ளங்கை பட்டாலே தொடுபொத்தான்கள் இயங்கின. 2024இல் தொடுபட்டைக்கு விளக்கு கொடுத்து, ஸ்டியரிங்குக்கு நிஜப் பொத்தான்களைத் திருப்பித் தந்தீர்கள். ஒலியளவு, இரு பக்க வெப்பம், விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி எல்லா மாடல்களிலும் பொத்தான் இருக்கும் என்று உங்கள் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட் 2025இல் சொன்னார். ஒன்பதாவது கோல்ஃபில் அந்தச் சொல் காக்கப்பட வேண்டும்.

இப்போது பேட்டரி. முந்தைய மின்சார வகையான 2014இன் இ-கோல்ஃபில் 24.2 கிலோவாட்-மணி, 2017இலிருந்து 35.8. திரவக் குளிர்விப்பு இல்லாததால் அடுத்தடுத்து வேகச் சார்ஜ் போட்டால் செல்கள் சூடேறும், சார்ஜ் ஏறுவது மெதுவாகும். புதிய வண்டியில் அந்தக் குறை இருக்கக்கூடாது. ஆனால் இ-கோல்ஃபின் 264 செல்களும் மாட்யூல்கள் எனப்படும் சிறு தொகுப்புகளாகப் பிரிந்திருந்தன. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். இப்போது உங்கள் சிறிய மின்கார்களில் மாட்யூலே இல்லாமல் செல்களை நேராகப் பெட்டியில் அடுக்கும் முறைக்குப் போகிறீர்கள். எடையும் செலவும் குறையும் என்பது உண்மைதான். பசை ஊற்றி மூடிவிட்டால் ஒரு செல்லுக்காக முழுப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டிவரும். அது 1.4 டிஎஸ்ஐ செயினில் செய்த பிழையைப் பல மடங்கு செலவில் திரும்பச் செய்வதாகும்.

ஆகவே பெட்டியின் மூடிக்குப் பசை வேண்டாம், போல்ட்டும் மாற்றக்கூடிய சீலும் போதும். ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் வெளிப் பணிமனைகள் படிக்க முடியட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல் பேட்டரிக்கான மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, எப்படியும் கட்டாயம். அதற்கென்று திரட்டும் விவரங்களோடு இதையும் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. குளிர்விப்புக் குழாயின் இணைப்புகளைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். மூடியின் போல்ட்டுகள் எங்கே வரும் என்பதை முதல் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கோல்ஃபுகளை ஓட வைத்துக்கொண்டிருக்கும் சிலர்